கோசோங் என்று எழுதியிருந்த காகிதம்

நீதிமன்றத்திலிருந்து வந்த காகிதத்தை அம்மா என் கையிலிருந்து வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். மலாய் பேசுவார்; படிப்பது கடைப் பலகை அளவுக்குத்தான். மூன்றாவது பத்தியில் ‘மிலிக்கான் கோசோங்’ என்று இருந்தது. அதில் ‘கோசோங்’ மட்டும் அவருக்குப் பிடிபட்டது. ரொட்டி கோசோங், தே கோசோங் என்று தினமும் காதில் விழுகிற சொல்லாயிற்றே.

“ஒன்றுமில்லை என்றுதானே போட்டிருக்கிறார்கள்? அதற்கு ஏன் இப்படி முகம் செத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாய்?” என்றார்.

மிலிக்கான் கோசோங் என்றால் ஆளும் சாமானும் இல்லாமல் வீட்டைக் காலி செய்து ஒப்படைப்பது. அறுபது நாள் கெடு. அப்பா வாங்கிய வீடு, அம்மா சமைக்கிற வீடு. நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. “ஆமாம் அம்மா, ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு, காகிதத்தை நான்காக மடித்து, பிறப்புப் பத்திரங்கள் கிடக்கிற பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். அது 2010 அக்டோபர். அந்த டின்னை மறுபடி திறக்க மூன்று ஆண்டு ஆயிற்று.

போன மாதம் எங்கள் வரிசையில் ஏழு வீடு தள்ளி இருக்கும் தம்பி ஒருவர் இதே மாதிரி ஒரு காகிதத்தோடு வந்தார். “அண்ணே, இந்தக் கோர்ட்டுக்கு இதை விசாரிக்கவே அதிகாரம் இல்லை என்கிறார்கள். அப்படியானால் இது செல்லாதுதானே? விட்டுவிடலாமா?” என்று கேட்டார். அவருக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதியும் வைக்கிறேன். நான் வக்கீல் அல்ல. தோட்டத்தில் முப்பத்தொரு ஆண்டு ஸ்டோர் கிராணியாக, அதாவது கிடங்குக் கணக்கராக, இருந்தவன். காகிதத்தைப் பத்திரப்படுத்தத் தெரிந்த அளவுக்கு, காகிதத்துக்குப் பதில் சொல்லத் தெரியாமல் போன கதை இது.

எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள். பலகையெல்லாம் மாறிவிட்டது, எங்கள் வாய் மாறவில்லை. ஒரு காலத்தில் இங்கே ரப்பரும் ஈயமும். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. அப்பா பால்வெட்டுக்காரர். தோட்டம் ரப்பரை அழித்துச் செம்பனைக்கு மாறியபோது லயத்து வீடுகளையும் இடிக்கப் போவதாகப் பேச்சு வந்தது. 1994-இல் டவுன் ஓரத்தில் மலிவு விலை வீடு ஒன்றை வாங்கினார். மலிவு வீடு என்றால் அன்றைக்கு 25,000 வெள்ளி (ரிங்கிட்). அரசாங்கம் வகுத்திருந்த விலை. முன்பணத்துக்கு 5,000 குறைந்தது. அதைக் கொடுத்தவர் பெரியப்பா மகன். லோரி வைத்துத் தொழில் செய்து வந்தவர். எனக்கு ஆறு வயது மூத்தவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இன்றும் அப்படித்தான்.

2005-இல் பெரியம்மா எங்களோடு வந்து தங்கியபோது, பின்பக்கம் சமையலறையை இழுத்துக் கட்டினோம். அதற்கு அண்ணன் 9,000 செலவழித்தார். கடனா, தாய்க்குச் செய்ததா என்று அன்று யாரும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். மறு ஆண்டு அப்பா போய்விட்டார். உயில் கிடையாது. வீட்டு கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம், அப்பா பேரிலேயே கிடந்தது. நம் ஆட்களில் பாதிப் பேர் வீட்டில் இதுதானே கதை? செத்தவர் பேரில் நிலவரி கட்டிக்கொண்டே இருப்போம்.

அண்ணனுக்குத் தொழில் நொடித்தது. 2010 நடுவில் என் பேருக்கு ஒரு சம்மன் வந்தது. மகிஸ்திரேட் நீதிமன்றம்; எந்த ஊர் நீதிமன்றம் என்று சொல்லப் போவதில்லை. மூன்று கோரிக்கைகள். ஒன்று, 14,000 வெள்ளி. இரண்டு, தன் பணத்தில் எழுந்த வீடு என்பதால் வீடு தனக்கே உரியது என்று அறிவிக்க வேண்டும். மூன்று, நான் வெளியேற வேண்டும்.

சம்மனை நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இதைப் பின்னால் மறக்கக் கூடாது. எனக்குத் தெரியாமல் வந்த வழக்கு என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. பெரியம்மா அழுதார். “நீ கோர்ட்டுக்குப் போகாதே ஐயா. நீயும் போய் எதிரில் நின்றால் உறவு முறிந்துவிடும். நான் பேசி அவனை நிறுத்துகிறேன்” என்றார். நான் போகவில்லை. பெரியம்மா பேசினாரா, அவர் கேட்கவில்லையா, தெரியாது. வராதவன் மீது ஒருதலைத் தீர்ப்பு வந்தது. காகிதத்தின் தலைப்பு ‘பெங்ஹாகிமான் இங்கார் கெஹாடிரான்’. வாதியின் வக்கீல் எழுதிக் கொடுத்த மூன்று பத்தியும், ஒரு எழுத்துக்கூட மாறாமல், முத்திரையோடு திரும்பி வந்திருந்தன. பணத்துக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி வேறு.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் எனக்கு நான்கு ஆலோசகர்கள் கிடைத்தார்கள். அதில் ஒருவர், ஒரு காலத்தில் வக்கீல் அலுவலகத்தில் பியூனாக இருந்தவர், காகிதத்தைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார், கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல. “மகிஸ்திரேட்டு வீட்டு உரிமையைத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இது செல்லாத காசு. தூக்கிப் போடு” என்றார். எனக்கு வேண்டிய பதில் அதுதான். கோப்பிக்கு நான் காசு கொடுத்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னதில் முக்கால் பங்கு சரி.

மூன்று ஆண்டு எதுவும் நடக்கவில்லை. அண்ணன் உடனே நடவடிக்கை எடுக்கவில்லை. கையில் தீர்ப்பு இருந்தால் போதும் என்று இருந்திருப்பார். 2013 ஜூலையில் தமிழ்ப் பத்திரிகைகளெல்லாம் ஈப்போ உயர்நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றியே எழுதின. பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளையும் அவருக்குத் தெரியாமல் மதம் மாற்றிப் பதிந்த சான்றிதழ்களை நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. பின்னால் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டு, 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தாய்க்கே சாதகமாக முடித்து வைத்தது. அது என் வழக்கைப் போன்றதல்ல. அந்தத் தாய் பட்ட பாட்டோடு என் வீட்டுச் சண்டையை ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் ‘அதிகார வரம்பு’ என்ற சொல் ஒட்டுக்கடை வரை இறங்கி வந்தது அந்த நாட்களில்தான். யாருக்கு எதைத் தீர்மானிக்கும் அதிகாரம் உண்டு, அதிகாரம் இல்லாதவர் எழுதிய காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று பால்வெட்டுக்காரர்கள்கூடக் கோப்பிக் குவளையைத் தட்டிப் பேசினார்கள். நானும் பேசினேன். என் வீட்டு டின்னில் அப்படி ஒன்று கிடப்பதைச் சொல்லாமல் பேசினேன்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலரான பெய்லிஃப் வந்தார். நல்ல மனிதர், காலணியை வாசலில் கழற்றிவிட்டுத்தான் பேசினார். கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டினார். பதினான்கு நாள். “இது செல்லாத தீர்ப்பு” என்று நான் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “பக்சிக் (பெரியவரே), செல்லுமா செல்லாதா என்று பார்ப்பது என் வேலை இல்லை. முத்திரை இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. செல்லாது என்று எழுதிய இன்னொரு காகிதம் உங்களிடம் இருந்தால் கொடுங்கள், திரும்பிப் போகிறேன்” என்றார்.

என்னிடம் அந்த இன்னொரு காகிதம் இல்லை.

அன்று இரவு எனக்கு நினைவுக்கு வந்தது பழைய உர விவகாரம். தோட்டத்தில் யார் எதற்குக் கையெழுத்துப் போடலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. மண்டோர் (கங்காணி) ஆள் கணக்குக்குப் போடலாம். கண்டக்டர் (தோட்ட வேலை மேற்பார்வையாளர்) வேலைச் சீட்டுக்குப் போடலாம். சரக்கு வாங்கும் இண்டென்ட் புத்தகத்தில் துரை (தோட்ட நிர்வாகி) மட்டுந்தான் போட வேண்டும். ஒரு முறை துரை விடுப்பில் இருந்தபோது, ஒரு மண்டோர் நாற்பது மூட்டை யூரியாவுக்கு இண்டென்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை, லோரிக்காரன் அவசரப்படுத்தினான். உரம் வந்து இறங்கிவிட்டது. நான் அந்தத் தாளைப் பார்த்ததும், “இது செல்லாது” என்று ஒதுக்கி வைத்தேன். கடைக்காரன் மாதா மாதம் பில் அனுப்பிக்கொண்டே இருந்தான். நான்காவது மாதம் தலைமை அலுவலகம் பணத்தைக் கட்டியே விட்டது. துரை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “செல்லாது என்று உனக்குத் தெரியும். கடைக்காரனுக்குத் தெரியுமா? குறுக்கே கோடு போட்டு என் கையெழுத்தை வாங்கியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.” மண்டோர் போட்ட கையெழுத்து உண்மையான கையெழுத்து. அவருக்கு அதைப் போட அதிகாரம் இல்லை என்பதும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவில் நாற்பது மூட்டை உரம் கிடந்தது.

முப்பது ஆண்டுக்கு முன் வாங்கிய திட்டு அது. என் வீட்டு விஷயத்தில் உதவவில்லை பாருங்கள்.

மறுநாள் கிள்ளானுக்குப் போனேன். அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவில் வருமானக் கணக்கில் நான் வரம்பைத் தாண்டிவிட்டேன் என்று திருப்பி அனுப்பினார்கள். அங்கே வரிசையில் நின்ற ஒருவர் சொல்லித்தான் அந்த வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். என் மகள் வயது இருக்கும். காகிதத்தை ஒரு முறை படித்தார், சிரிக்கவில்லை, திட்டவில்லை. “ஐயா, மேல்முறையீட்டுக் கெடு எப்போதோ போய்விட்டது. ஒருதலைத் தீர்ப்பை ஒதுக்கக் கேட்பதற்கும் விதிப்படி முப்பது நாள்தான். நீங்கள் மூன்று ஆண்டு வைத்திருக்கிறீர்கள். சம்மனை வாங்கியிருக்கிறீர்கள். சாதாரண வழி எல்லாம் அடைபட்டுவிட்டது. ஆனால் இந்த இரண்டாவது பத்தி இருக்கிறதே…” என்று பேனாவால் வட்டம் போட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

நம் நாட்டு அரசியலமைப்பின் 121-ஆவது பிரிவின்படி, உயர்நீதிமன்றங்களானாலும் கீழ்நீதிமன்றங்களானாலும் கூட்டரசுச் சட்டம் எவ்வளவு அதிகாரம் கொடுக்கிறதோ அவ்வளவுதான். கீழ்நீதிமன்றங்களுக்கு அதை அளந்து கொடுப்பது 1948-ஆம் ஆண்டின் கீழ்நீதிமன்றச் சட்டம். அதில் பண அளவு உண்டு: முதல் வகுப்பு மகிஸ்திரேட்டுக்கு அன்று 25,000 வெள்ளி, 2013 மார்ச் முதல் ஒரு லட்சம். என் 14,000 அதற்குள் அடங்கும். ஆனால் பணத்தால் அளக்க முடியாத வரம்பும் உண்டு. அசையாச் சொத்து யாருக்கு உரியது என்ற கேள்வி, உயில் மற்றும் மரபுரிமைப் பத்திரம் வழங்குவது, திருமணம் செல்லுமா என்பது, பிள்ளையின் பாதுகாவலர் யார் என்பது போன்றவற்றை அந்தச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு கீழ்நீதிமன்றத்தின் கைக்கு வெளியே வைத்திருக்கிறது. உரிமையை அறிவித்துச் சொல்லும் தீர்ப்பும் 2010-இல் அந்த வெளிப்பட்டியலில்தான் இருந்தது. மகிஸ்திரேட்டைவிட மேலான செஷன்ஸ் நீதிமன்றத்தில்கூட வழக்கின் நடுவே சொத்துரிமைக் கேள்வி எழுந்தால், அதில் அக்கறை உள்ள எல்லாத் தரப்பும் சம்மதித்தால் மட்டுமே அந்த நீதிபதி தீர்மானிக்கலாம். ஒருவர் மறுத்தாலும் வழக்கை உயர்நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்க வேண்டும். 71-ஆவது பிரிவு அது.

“எல்லாத் தரப்பும் என்றால் யார் யார்?” என்று கேட்டார் அந்த அம்மா. “வீடு உங்கள் அப்பா பேரில் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு ஒரு பங்கு, உங்களுக்கும் இரண்டு தங்கைகளுக்கும் மீதி. வழக்கில் உங்களைத் தவிர யாராவது இருக்கிறார்களா?” யாரும் இல்லை. என்னை மட்டும் கூப்பிட்டு, நானும் போகாமல் இருக்க, மூன்று பெண்களின் பங்கையும் சேர்த்து எடுத்துக் கொடுத்திருந்தது அந்தக் காகிதம். எனக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை. என் வீடு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்; என் கோபமும் என் சோம்பலும் என்னோடு போகும் என்று.

மூன்று ஆண்டு தாமதம்? அதற்கு அவர் பாடியாடின் வழக்கைக் காட்டினார். 1998-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வந்த கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு. எழுதப்பட்ட சட்டத்தை மீறிப் பிறந்த உத்தரவு முதலிலிருந்தே செல்லாதது. அதை நீக்க மேல்முறையீடு செய்துதான் ஆகவேண்டும் என்பதில்லை, உத்தரவு பிறந்த அதே நீதிமன்றத்திடமே போய்க் கேட்கலாம் என்கிறது அது. தவறான தீர்ப்பு வேறு, அதிகாரமில்லாத தீர்ப்பு வேறு. நீதிபதி கணக்கைத் தப்பாகப் போட்டால் அது தவறான தீர்ப்பு. மேலே போய்த் திருத்த வேண்டும், கெடு தாண்டினால் தவறோடு வாழ வேண்டும். கணக்குப் போடவே உரிமை இல்லாதவர் போட்டால், விடை சரியாக இருந்தாலும் அது கணக்கில் சேராது.

“அப்படியானால் அந்த பியூன் சொன்னது சரிதானே?” என்று கேட்டேன். கொஞ்சம் வீம்பாகத்தான் கேட்டேன்.

அவர் அதற்கும் பதில் வைத்திருந்தார். சியரா லியோன் நாட்டிலிருந்து, லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போன மேக்ஃபாய் வழக்கில் ஆங்கிலேய நீதிபதி டென்னிங் பிரபு, ஒன்றுமில்லாததன் மேல் எதையாவது வைத்தால் நிற்காது, சரிந்துவிடும் என்று எழுதினார். செல்லாத உத்தரவு தானாகவே செல்லாதது, நீதிமன்றம் அதை அறிவிப்பது ஒரு வசதிக்குத்தான் என்ற கருத்தும் அதில் உண்டு. ஒட்டுக்கடைச் சட்டம் அங்கிருந்து வந்தது. ஆனால் 1984-இல் சென்ட் வின்சென்ட் தீவிலிருந்து வந்த இன்னொரு வழக்கில் அதே பிரிவி கவுன்சில், வரம்பற்ற அதிகாரம் உள்ள நீதிமன்றத்தின் உத்தரவை, அது எப்படிப் பிறந்திருந்தாலும், ஒதுக்கப்படும் வரை மதித்தே ஆகவேண்டும் என்றது. “மகிஸ்திரேட்டு வரம்பற்ற நீதிமன்றம் இல்லை என்று நான் வாதாடலாம். ஆனால் பெய்லிஃபோடு உங்கள் வாசலில் நின்று வாதாட முடியாது. சரிந்துவிடும் என்றார் டென்னிங். எந்தத் தேதியில் சரியும் என்று சொல்லவில்லை, ஐயா. நாம்தான் போய்த் தள்ள வேண்டும்.”

கட்டணம் 3,500. மூன்று தவணை. எழுதிக் கொடுத்த நிபந்தனைத் தாளில் நான் கையெழுத்துப் போட்டபோது கை நடுங்கியது; முப்பத்தொரு ஆண்டு பிறர் கையெழுத்தைச் சரிபார்த்த கை.

விண்ணப்பம், அதற்கு ஆதாரமாக என் சத்தியப் பிரமாணம், இணைப்பாக அப்பாவின் இறப்புப் பத்திரமும் வீட்டு கிராண்டின் நகலும், அவசரச் சான்று. எல்லாம் மலாயில். சத்தியப் பிரமாண ஆணையரின் அறை, ஒரு போட்டோஸ்டேட் கடையின் மாடியில் இருந்தது. அவர் ‘இது உன் பெயரா, இது உன் கையெழுத்தா’ என்று மட்டும் கேட்டார். ஒரு வரியில் வக்கீல் அம்மா நான் சொல்லாததை எழுதவில்லை, சொன்னதை மறைக்கவும் இல்லை: ‘சம்மன் எனக்குக் கிடைத்தது. குடும்பத்தார் பேச்சை நம்பி நான் ஆஜராகவில்லை.’ இதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “இதை மறைத்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். நம் வாதத்துக்கு இது தேவையே இல்லை, நீங்கள் நல்லவர் என்பதற்காக நாம் கேட்கவில்லை” என்றார். பெய்லிஃப் கொடுத்த பதினான்கு நாளில் பதினோராவது நாள், விசாரணை முடியும் வரை எதையும் நிறைவேற்றக் கூடாது என்று இடைக்காலத் தடை கிடைத்தது. வாசற்கதவில் அந்த நகலை நானே ஒட்டினேன், பெய்லிஃபின் காகிதத்துக்குப் பக்கத்தில்.

விசாரணை நவம்பரில். மகிஸ்திரேட்டு இளம் பெண். 2010-இல் இருந்தவர் மாறிப் போயிருந்தார். அண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை. அப்பாவின் கருமாதிக்குப் போட்டு வந்ததும் ஒரு நீலச் சட்டைதான் என்று எனக்கு ஏன் அப்போது நினைவு வந்தது என்று தெரியவில்லை.

அவர் தரப்பு வக்கீல் மூன்று வாதம் வைத்தார். பிரதிவாதி மூன்று ஆண்டு வாய்மூடி இருந்தார், அது சம்மதம். சட்டம் இப்போது மாறிவிட்டது, கீழ்நீதிமன்றங்களின் வரம்பு உயர்ந்துவிட்டது. வீட்டு விலையே சொற்பம், பெரிய சொத்து இல்லை.

எங்கள் வக்கீல் அம்மா எழுந்து பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். சட்டம் கேட்பது மௌனத்தை அல்ல, சம்மதத்தை. அதுவும் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குச் சொன்னது. அதுவும் அக்கறை உள்ள எல்லாருடைய சம்மதத்தையும். வரம்பு உயர்ந்தது 2013-இல். தீர்ப்பு பிறந்தது 2010-இல். பிறந்த அன்று இல்லாத அதிகாரத்தை இன்றைய சட்டம் பின்னால் போய்க் கொடுக்காது. விலை குறைந்த வீடு என்றாலும் உரிமைக் கேள்வி உரிமைக் கேள்விதான். பிறகு, நான் எதிர்பாராத ஒன்றையும் சொன்னார்: காலவரம்பு வாதத்தை நாங்கள் இன்று எழுப்பவில்லை, ஆனால் அதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ஆறு ஆண்டு தாண்டிய கடன் என்பது பிரதிவாதி தானே எழுப்ப வேண்டிய எதிர்வாதம். அவர் எழுப்பாவிட்டால் நீதிமன்றம் அதைத் தானாக எடுத்துப் பேசாது. அதிகாரம் அப்படி அல்ல. இரு தரப்பும் சேர்ந்து இருக்கட்டும் என்று சம்மதித்தாலும், இல்லாத அதிகாரம் இல்லாததுதான்.

இங்கே எனக்கு வயிற்றைக் கலக்கியது. 1994-இல் கொடுத்த 5,000 வெள்ளிக்கு 2010-இல் வழக்குப் போட்டால் அது ஆறு ஆண்டைத் தாண்டிய கடன். அன்று போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஐயாயிரம் வழக்கிலிருந்து விழுந்திருக்கும். பெரியம்மாவின் கண்ணீருக்காக வாங்கிய மௌனத்தின் விலை 5,000 வெள்ளியும் வட்டியும். (சொல்லியிருக்கலாமா என்பது வேறு கேள்வி. அந்தப் பணத்தை அவர் கொடுத்தது உண்மை. அப்பா திருப்பிக் கொடுத்தாரா என்பதற்கு எந்தச் சீட்டும் இல்லை, நான் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடிவிட்டேன்.)

தீர்ப்பு அன்றே வந்தது. இரண்டாவது பத்தியும் மூன்றாவது பத்தியும் ஒதுக்கித் தள்ளப்பட்டன. முதல் பத்தி நின்றது. 14,000 வெள்ளி அந்த நீதிமன்றத்தின் அளவுக்குள் அடங்கிய கோரிக்கை. சம்மன் முறைப்படி வந்தது. நான் கெடுவைத் தாண்டியவன். அதை ஒதுக்க மகிஸ்திரேட்டு மறுத்துவிட்டார். செலவுத் தொகை இருவருக்கும் இல்லை.

முழுவதும் கவிழ்ந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். வெளியே வந்ததும் வக்கீல் அம்மாவிடம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர், “ஐயா, வாழைக்குலையில் அழுகிய சீப்பை வெட்டினார்கள். குலையையே தூக்கிப் போடுவார்கள் என்று நான் உங்களிடம் சொல்லவில்லையே” என்றார். சொல்லவில்லைதான்.

அண்ணனும் வெளியே நின்றார். கார் நிறுத்துமிடத்தில், நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்க, பேசினோம். மூன்று ஆண்டு வட்டி மட்டும் 3,360 ஆகியிருந்தது. “வட்டி வேண்டாம் தம்பி. அசலைக் கொடு” என்றார். மாதம் 500 என்றேன். இருபத்தெட்டு மாதம். சரி என்றார். பெரியம்மா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்டேன். அவர் என் அம்மாவைக் கேட்டார். கேட்கும்போது இருவருமே அந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிராண்ட் விஷயத்தை அதற்குப் பிறகுதான் எடுத்தேன். சிறு சொத்து என்பதால் நில அலுவலகமே பங்கு பிரித்துக் கொடுக்கும். அதற்காக உயர்நீதிமன்றம் போக வேண்டியதில்லை. 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. தங்கைகள் தங்கள் பங்கை அம்மா பேருக்கு விட்டுக் கொடுத்தார்கள். விசாரணை நாளில் அதிகாரி, “உரிமை கோர வேறு யாராவது உண்டா?” என்று கேட்டபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை என்றேன். எட்டு ஆண்டுக்கு முன்பே இந்த ஒரு நாளை ஒதுக்கியிருந்தால் அண்ணன் வீட்டின் மேல் கை வைக்க நினைத்திருப்பாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

அந்தத் தம்பியின் காகிதத்துக்கு வருகிறேன். அவருக்கு வந்தது வேறு வகை. படித்தவுடன் எந்த நீதிமன்றம், எந்தத் தேதி, ஒவ்வொரு பத்தியும் என்ன கேட்கிறது என்று தனித்தனியாகப் பென்சிலால் குறித்தேன். அவருக்கு அதில் ஒரு பத்திதான் அதிகாரத்துக்கு வெளியே இருப்பதாக எனக்குப் பட்டது, மற்றவை இல்லை. கையில் கிடைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. முப்பதுக்குள் பன்னிரண்டு. அவருக்கு என்னைப் போல அந்த ஒற்றை ஓட்டை வழியாகப் போக வேண்டிய அவசியமே இல்லை, முன்வாசல் இன்னும் திறந்திருக்கிறது. கிள்ளான் முகவரியை எழுதிக் கொடுத்து அன்றே பஸ் ஏற்றிவிட்டேன்.

அம்மா போன பிறகு பிஸ்கட் டின் என் அறைக்கு வந்துவிட்டது. 2010 தீர்ப்பும் 2013 உத்தரவும் ஒரே உறையில் இருக்கின்றன. அதன் கீழே அண்ணன் கையால் எழுதிக் கொடுத்த ரசீதுகள், மாத வரிசையில், ரப்பர் பேண்டு போட்டு. கடைசி ரசீது 2016 ஏப்ரல். எண்ணினால் இருபத்தேழுதான் வரும். 2015 மே மாதத்து ரசீது இல்லை. பெரியம்மா இறந்த மாதம் அது. பதினாறாம் நாள் காரியத்தன்று அண்ணன் கையில் 500 வெள்ளியைக் கொடுத்தேன். அவர் எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரசீது எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.